ஒட்டாத கண்ணாடியில் ஒற்றைப் புரதம்

கேள்வி: ஒற்றைப் புரத மூலக்கூறுகளை நுண்ணோக்கியில் பார்க்கும் முன் கண்ணாடியில் பாலிஎத்திலீன் கிளைகோல் பூசச் சொல்கிறார்கள். நன்கு கழுவிய கண்ணாடி போதாதா? பூசிய பிறகும் எனக்குப் படம் முழுவதும் புள்ளிகளாகவே தெரிகிறதே, ஏன்? (ஆராய்ச்சி மாணவி ஒருவர்)

பதில்: போதாது. கழுவிய கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சிலனால் தொகுதிகள் (சிலிக்கானோடு இணைந்த OH) நீரில் எதிர்மின்னேற்றம் பெறுவதால், புரதத்தின் நேர்மின்னேற்றப் பகுதிகள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய புரதம் மடிப்புக் குலைந்தும் போகலாம். முழு அக எதிரொளிப்பு நுண்ணோக்கி கண்ணாடியை ஒட்டிய ஏறத்தாழ 100 நானோமீட்டர் படலத்தை மட்டுமே ஒளியூட்டுவதால், இப்படி வீணாக ஒட்டியவைதான் முதலில் கண்ணில் படும்.

பெக் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பாலிஎத்திலீன் கிளைகோல் சங்கிலி (மூலக்கூறு எடை பெரும்பாலும் 5000) நீரில் நாணல் புதர்போல் அசைந்து புரதத்தை அண்டவிடாது. கண்ணாடியில் முதலில் அமினோசிலேனை (கண்ணாடிக்கும் பெக்குக்கும் பாலமாகும் சிலிக்கான் சேர்மம்) பிணைத்து, அதன்மேல்தான் பெக்கைப் பிணைக்க வேண்டும். நூற்றில் ஒன்றிரண்டு சங்கிலிகளின் நுனியில் மட்டும் பயோட்டின் என்னும் சிறு வைட்டமின் மூலக்கூறு இருந்தால், அதில் பயோட்டினை இறுகப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதமும், அதன்மேல் பயோட்டின் இணைத்த நம் புரதமும் அமரும்.

பலரும் பெக்கைத்தான் குறை சொல்கிறார்கள். என் கணிப்பில் கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. அழுக்கு முழுதாக நீங்காத கண்ணாடியில் சிலேன் சீராகப் படியாது. ஈரம் கண்ட சிலேனோ தானே ஒன்றோடொன்று பிணைந்து திட்டுத் திட்டாகப் படியும். அமினோசிலேனோடு பிணைவதற்கெனப் பெக்கிலுள்ள வினைபடும் எஸ்டர் தொகுதியும் நீரில் விரைவாகச் சிதைவதால், கரைத்த சில நிமிடங்களுக்குள் கண்ணாடியில் இட்டுவிட வேண்டும். உறைபெட்டியிலிருந்து எடுத்த பெக் குப்பியை அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறவுங்கள். குளிர்ந்த நிலையில் திறந்தால் காற்றின் ஈரம் தூளின்மேல் படிந்து, அடுத்த முறைக்கும் அது உதவாமல் போகும். (கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த பிரானா கரைசலால் கழுவுவதானால், பாத்திரத்தில் அசிட்டோன் துளியும் இருக்கக் கூடாது, வெடிக்கும்.)

தவறு எங்கே என்று அறிய, முதலில் புரதம் கலக்காத வெறும் தாங்கல் கரைசலை (அமில-கார நிலையை மாறாமல் காப்பது) செலுத்திப் புள்ளிகளை எண்ணுங்கள். அப்போதே நிறைய இருந்தால் அது கண்ணாடியின் அல்லது கரைசலின் அழுக்கு. அடுத்து, ஸ்ட்ரெப்டாவிடின் இடாமல் ஒளிரும் சாயமிட்ட புரதத்தைச் செலுத்துங்கள். இப்போது கூடும் புள்ளிகள் வீணாக ஒட்டியவை. அவை மட்டுமே மிகுதியென்றால், 4 அலகு நீளமுள்ள குட்டை பெக்கை இரண்டாம் சுற்றாக இட்டு இடைவெளிகளை அடைக்கலாம். அதுவும் பலிக்காத புரதங்களுக்கு, டைகுளோரோடைமெத்தில்சிலேனால் நீர்விலக்கியாக்கிய கண்ணாடியில் டுவீன்-20 என்னும் சோப்பு போன்ற பொருளைப் படியவைக்கும் முறை 2014இல் வெளியானது; அதில் வீண் ஒட்டுதல் பெக் பரப்பைவிட 5 முதல் 10 மடங்கு குறைந்தது.