இடுப்பு மூட்டு மாற்று: அன்று மாலையே வீடு திரும்பலாமா?

கேள்வி: என் ஆத்தாவுக்கு வயது 67. இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு மதுரையில் நாள் குறித்திருக்கிறோம். காலையில் செய்தால் மாலையே வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. துணைக்கு நான் ஒருத்திதான். அழைத்து வரலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: முதுகில் போடும் மரப்பு ஊசி, மூட்டைச் சுற்றிப் போடும் வலி ஊசி, ரத்த இழப்பைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் ஆகியவற்றின் துணையோடுதான் அன்றே அனுப்புகிறார்கள். தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இதனால் சிக்கல் கூடுவதில்லை. இதய நோய், சிறுநீரகக் கோளாறு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை இருந்தால் இந்த யோசனையே வேண்டாம்.

உங்கள் ஆத்தா தகுதியானவராகவே இருக்கலாம். ஆனாலும் அன்றிரவு கானாடுகாத்தானுக்குக் கூட்டி வராதீர்கள். மரப்பும் வலி ஊசியும் விடுபட்டு வலி ஏறுவது அன்றிரவும் மறுநாளும்தான். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். சிலருக்குச் சிறுநீர் இறங்காமல் அடைத்துக்கொள்ளும். கட்டு ரத்தத்தில் நனையும். இவை எல்லாம் முதல் 24 மணி நேரத்தில் வருபவை. அந்த நேரத்தில் டாக்டர் இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கக் கூடாது. ஓரிரவு ஆஸ்பத்திரியிலேயே தங்குங்கள். முடியாவிட்டால் பக்கத்தில் அறை எடுங்கள்.

எப்போது கிளம்பினாலும் அதற்கு முன் இவ்வளவும் நடந்திருக்க வேண்டும்: தானாகச் சிறுநீர் கழித்திருக்க வேண்டும்; வாந்தியில்லாமல் சாப்பிட்டிருக்க வேண்டும்; மாத்திரையிலேயே வலி அடங்க வேண்டும்; வாக்கர் பிடித்து நடந்து, நாலு படி ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

இந்தப் படிப் பழக்கம் நம் செட்டிநாட்டு வீடுகளுக்கு மிக முக்கியம். திண்ணைப் படி, வாசல் நிலைப்படி, வளவிலிருந்து (முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரம்) முற்றத்தில் இறங்கும் இடம் மூன்றின் உயரத்தையும் டேப்பால் அளந்து எழுதிப் போய் பிசியோதெரபிஸ்ட்டிடம் கொடுங்கள். அதே உயரத்துக்குப் பழக்கிவிடுவார். ஆத்தங்குடிக் கல் தரை ஈரம் பட்டால் வழுக்கும். முற்றத்து ஓரம் மழைச் சாரல் படும் இடத்தில் வாக்கர் வைக்க விடாதீர்கள். சிறு கம்பளம், மிதியடி எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிடுங்கள்.

படுக்கை கீழ்த்தளத்தில், கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கழிப்பறை வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில் இருந்தால் இரவுக்கு கமோடு நாற்காலி ஒன்று வாடகைக்கு எடுங்கள். மேற்கத்திய கழிப்பறை என்றாலும் நாலு அங்குல உயர இருக்கை பொருத்துங்கள். உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். மூட்டைப் பின்பக்கமாகத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தால் குனிந்து எடுப்பது, கால்மேல் கால் போடுவது, பாதத்தை உள்ளே திருப்புவது மூன்றும் மூட்டை நழுவச் செய்யும். தரையில் பந்தி, குத்துக்கால், ஊஞ்சல் எதுவும் டாக்டர் சொல்லும்வரை கூடாது.

காரில் முன் இருக்கையை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளி, தலையணை வைத்து உயர்த்துங்கள். முதலில் உட்கார்ந்துவிட்டு, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுக்கச் சொல்லுங்கள். வழியில் ஒருமுறையாவது நிறுத்தி, இறங்கி நாலடி நடக்க வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டுக்கு வந்தபின் எதற்குப் பயப்பட வேண்டும்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து உண்டாகும் கட்டிக்கு. மூட்டு மாற்றியபின் பல வாரங்கள் வரை அந்த ஆபத்து உண்டு. அதனால் கட்டி தடுக்கும் மாத்திரை அல்லது ஊசியைப் பொதுவாக ஐந்து வாரம் வரை தருவார்கள். காயம் ஆறிவிட்டதே என்று பாதியில் விடாதீர்கள். கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் வந்தால் அன்றே காட்டுங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் உடனே 108.

திடீர் வலியோடு கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டால் மூட்டு நழுவியிருக்கலாம். எழுப்பாதீர்கள், இழுத்து விடாதீர்கள். படுத்தபடியே ஆம்புலன்ஸில் கொண்டுபோங்கள். காயத்தில் நீர் கசிந்தாலோ, இரண்டு நாளுக்குப் பிறகும் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாமல் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள். வலி மாத்திரையை வலி வந்தபின் தேடாமல், முதல் மூன்று நாள் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள்.

கேள்வி: அன்றே டிஸ்சார்ஜ் ஆனால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பல பாலிசிகளில் 24 மணி நேரம் தங்கியிருக்க வேண்டும் என்ற விதி உண்டு. பகல்நேர சிகிச்சைக்கு மட்டும் விலக்கு. உங்கள் ஆபரேஷன் அதில் அடங்குமா என்பதை நாள் குறிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.