காவிரித் தண்ணீருக்கு ஆர்.ஓ. எதற்கு?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் குடியிருக்கிறோம். குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது. ஆர்.ஓ. இயந்திரத்தில் ஒரு குடம் பிடிப்பதற்குள் மூன்று குடம் சாக்கடைக்குப் போகிறது. மனம் கேட்கவில்லை. பழுதுபார்க்க வந்தவர், "தண்ணீரை வீணாக்காத மாதிரி வந்திருக்கிறது, 15,000 ரூபாய்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்குப் புது ஆர்.ஓ. மட்டுமல்ல, பழையதும் தேவையில்லை.

ஆர்.ஓ. என்பது உப்பை நீக்கும் இயந்திரம். தண்ணீரை ஒரு சவ்வின் வழியே அழுத்தி அனுப்புகிறது. தங்கிய உப்பைக் கழுவி வெளியேற்ற மீதித் தண்ணீர் வேண்டும். அதனால்தான் அந்த மூன்று குடம். நாளைக்குப் பத்து லிட்டர் குடித்தால் மாதத்துக்கு 900 லிட்டர் வீண். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரும் தண்ணீர் இது. இதற்காக இரண்டு மாநிலங்கள் தலைமுறை தலைமுறையாக வழக்காடுகின்றன. நாம் அடுக்களையில் சத்தமில்லாமல் திறந்துவிடுகிறோம்.

குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். காவிரித் தண்ணீரில் அதைவிட வெகு குறைவு. 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இலேயே சொன்னது. சொல்லி என்ன? விற்பனை ஒரு நாளும் நிற்கவில்லை. 2024 கோடையில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது இந்த நகரம். கழுவாமலே ஓடும் இந்தக் குழாயைக் கேட்பாரில்லை.

விற்பவர்கள் காட்டும் வித்தை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு தம்ளர்: ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். உலோகக் கம்பிகள் பொருத்திய கருவியை அமிழ்த்தி மின்சாரம் கொடுப்பார். குழாய்த் தண்ணீர் பழுப்பாகிக் கசடு மிதக்கும். வீட்டில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். அது தண்ணீரின் அழுக்கல்ல, கம்பி கரைந்த துரு. உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. அதனால் கம்பியும் கரையாது. ஆர்.ஓ. தம்ளரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். பையைக் கட்டிவிடுவார்.

'வீணாக்காத மாதிரி' என்பதும் இப்படித்தான். சிலவற்றில் கழிவு நீரை மீண்டும் மாடித் தொட்டிக்கே ஏற்றிவிடுவார்கள். உப்பு எங்கே போகும்? தொட்டியில்தான் சேரும்.

கிருமிக்கு ஆர்.ஓ. தேவையில்லை. கொதிக்கவைத்து ஆறவைத்தால் போதும். அலுப்பாக இருந்தால் யு.வி. (புற ஊதாக் கதிர்) விளக்கு மட்டும் உள்ள இயந்திரம். அது சொட்டுத் தண்ணீரையும் வெளியே தள்ளாது.

ஆனால் ஒன்று. குழாயில் வருவது காவிரிதான் என்று எப்படித் தெரியும்? அடுக்குமாடியாக இருந்தால் கீழே சம்ப்பை எட்டிப் பாருங்கள். வாரத்தில் சில நாள் காவிரி, மற்ற நாள் ஆழ்துளைக் கிணறு, கோடையில் டேங்கர் லாரி, எல்லாம் ஒரே தொட்டியில் கலக்கும். காவலாளியைக் கேட்டால் "காவிரிதான்" என்பார். கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். ஒரு மாதம், நாளைக்கு ஒருமுறை அளந்து நாள்காட்டியில் குறியுங்கள். ஒரு நாள் 200, மறுநாள் 900 என்று குதித்தால் கலப்பு. மார்ச், ஏப்ரலில் கட்டாயம் மறுபடி அளக்க வேண்டும்; மழைக்காலத்து எண்ணைக் கோடைக்கு நம்பக் கூடாது. தொடர்ந்து 500-ஐத் தாண்டினால் இயந்திரம் இருக்கட்டும், கழிவுக் குழாயை மட்டும் ஒரு வாளிக்குள் திருப்பிவிடுங்கள். கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் ஆகும். துளசிக்கு ஊற்றாதீர்கள், உப்பு வேரில் தங்கிவிடும்.

500-க்குள்ளேயே நின்றால் இயந்திரத்தைக் கழற்றிவிடலாம். அதற்கு முன் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். புதுப்பிக்கச் சொல்லித் தொலைபேசி வரும்.