கியூபிச ஸ்டில் லைஃப் அச்சோவியங்கள்: சில கேள்விகள், சில பதில்கள்

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிராக்கின் 'ஃபாக்ஸ்' (1911) அச்சோவியத்தைப் பார்த்தேன். கோடு கோடாகத்தான் தெரிகிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

பதில்: எழுத்திலிருந்து. கியூபிசம் என்றால் பொருளைத் தளம் தளமாக உடைத்து, பல கோணங்களிலிருந்து ஒரே படத்தில் காட்டும் பாணி. ஸ்டில் லைஃப் என்றால் மேசைமேல் இருப்பது போன்ற அசையாப் பொருட்களின் படம். இந்தப் படத்தில் எழுதியிருக்கும் 'ஃபாக்ஸ்' என்பது பாரிஸில் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மதுக்கடையின் பெயர். ஓவியர்களும் எழுத்தாளர்களும் வந்து உட்காரும் இடம். ஆக, நாம் பார்ப்பது அங்கிருந்த ஒரு மேசையை. அது பிடிபட்டதும் பாட்டில், கோப்பை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். அப்புறம் நிழலைக் கவனியுங்கள். ஒரு விளிம்பை ஒட்டி நெருக்கமாகத் தொடங்கும் சின்னச் சின்ன இணைகோடுகள் போகப்போக வெளிறி, வெறும் தாளில் கரைந்துவிடும். ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுவதாக அவர் நினைக்கவே இல்லை. ஒவ்வொரு தளத்துக்கும் தனி நிழல். பொருளின் ஒரு பக்கம் கோட்டால் மூடியிருக்கும், மறுபக்கம் திறந்தே கிடக்கும். பாட்டில் எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று தேடாதீர்கள், கிடைக்காது.

கேள்வி: அச்சில் இடவலம் மாறுமே, எழுத்து மட்டும் எப்படி நேராக விழுகிறது?

பதில்: அச்சுக்காகக் கீறும் செப்புத் தகட்டில் திருப்பி எழுத வேண்டும், வேறு வழியில்லை. பிராக் வீடுகளுக்கு வண்ணம் பூசி அலங்கரிக்கும் குடும்பத்தில் பிறந்து, அந்தத் தொழிலைக் கற்றவர். எழுத்து வரைவது அவருக்குக் கைவந்த கலை.

கேள்வி: 'ஃபாக்ஸ்' ட்ரைபாயிண்ட் முறையில் செய்தது என்கிறார்கள். ட்ரைபாயிண்ட், எட்சிங் இரண்டும் ஒன்றுதானே அண்ணா?

பதில்: இல்லை. எட்சிங்கில் கோட்டை அரிப்பது அமிலம். ட்ரைபாயிண்டில் ஊசியால் செப்புத் தகட்டை நேராகவே கீறுவார்கள். கீறிய இடத்தின் ஓரத்தில் செம்பு பிசிறாக எழும்பி நிற்கும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால் கோடு வெல்வெட் போலக் கசியும். பிரஸ்ஸில் நசுங்க நசுங்கப் பிசிறு தேய்ந்துவிடும். அதனால்தான் நிறையப் பிரதிகள் வேண்டுமென்றால் தகட்டின் மேல் மெல்லிய இரும்புப் பூச்சு ஏற்றுவார்கள்.

கேள்வி: பிக்காசோவா, பிராக்கா?

பதில்: வம்பில் மாட்டிவிடுகிறீர்கள். 1911 கோடையில் இருவரும் தென் பிரான்சின் செரே ஊரில் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்தவர்கள். பிக்காசோவின் 'மார்க் பாட்டிலுடன் ஸ்டில் லைஃப்' (மார்க் என்பது திராட்சைச் சக்கையில் காய்ச்சும் மது), பிராக்கின் 'ஃபாக்ஸ்' இரண்டையும் 1912-ல் நூறு நூறு பிரதிகளாக வெளியிட்டவர் இருவரின் படங்களையும் விற்ற பாரிஸ் ஓவிய வியாபாரி கான்வைலர். என் ஓட்டு 'ஃபாக்ஸு'க்கு. பிக்காசோ எதையும் அழுத்திச் சொல்கிறார். பிராக் தாளின் வெறுமையை நம்புகிறார்.

கேள்வி: பிராக்கின் 'பாஸ்' அச்சோவியம் 1911-12 என்கிறார்கள், ஆனால் வெளியீடு 1950 என்றும் இருக்கிறது. போலியா?

பதில்: போலி இல்லை. முதல் தேதி தகட்டைக் கீறியது, இரண்டாவது பாரிஸின் மாக் ஓவியக் காலரி அதை வெளியிட்டது. வாங்குகிறவர்கள் இரண்டையும் கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: வண்ணமே கிடையாதா?

பதில்: அன்றைய கியூபிச ஓவியங்களே பழுப்பும் சாம்பலும்தான், அதனால் பெரிய இழப்பில்லை. வண்ணம் வேண்டுமென்றால் பிக்காசோவின் 1962 லினோகட் (லினோலியம் தகட்டைச் செதுக்கி அச்சிடுவது), விளக்கடியில் கோப்பை இருக்கும் படம், அதைத் தேடுங்கள். ஒரே லினோவைச் செதுக்கி ஒரு வண்ணம், மேலும் செதுக்கி அடுத்த வண்ணம். தப்பாகச் செதுக்கினால் திரும்ப வழியில்லை. ஆனால் அது கியூபிசத்தின் பேரப்பிள்ளை.

கேள்வி: ட்ரைபாயிண்டை நானே செய்து பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. செம்பு விலை அதிகம், அக்ரிலிக் ஷீட் போதும். கூரான இரும்பு ஊசி, எட்சிங் மை, நனைத்து ஒற்றிய கனமான தாள். பிரஸ் இருக்கும் ஓவியக் கல்லூரியில் யாரையாவது பிடியுங்கள். ஷீட்டின் ஓரங்களை முதலில் அரத்தால் சரித்துவிடுங்கள், இல்லையென்றால் தாளும் கிழியும், பிரஸ்ஸில் போட்டிருக்கும் கம்பளித் துணியும் வெட்டுப்படும்.