ஒரு கார்டு, மூன்று கேள்வி

கேள்வி: அமெரிக்காவில் பொதுஜனமே கையெழுத்து வாங்கி, வாக்கெடுப்பு வைத்து, பொழுதுபோக்குக் கஞ்சாவைச் சட்டப்படி ஆக்கிக்கொள்கிறார்களாமே! இது ஜனநாயகமா, கூத்தா? நம்மூரில் இப்படி வருமா? அப்புறம், கேட்ட ஒரு விஷயத்துக்கு மட்டும் நீங்கள் ஏன் பதில் சொல்வதே இல்லை?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஒரே கார்டில் மூன்று கேள்வியை நுணுக்கி எழுதிவிட்டு என்னிடம் 'ஒரு விஷயம்' கேட்கிறீர்! 'கார்டுக்கு ஒரு கேள்வி' என்று இந்தப் பக்கத்தின் தலையில் வருஷக்கணக்காகப் போட்டு வருகிறேன். அதைப் படித்தவர் எவருமில்லை. அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டா மாநிலத்தில் பிறந்திருந்தால் அந்த 'ஒரு'வின் அருமை உமக்குத் தெரிந்திருக்கும்.

மக்களே சட்டம் முன்மொழியலாம் என்று 1898-இலேயே, அமெரிக்க மாநிலங்களில் முதலாவதாக, எழுதிவைத்த ஊர் அது. 2020-இல் மாநில அரசியல் சட்டத்தில் கஞ்சாத் திருத்தம் கொண்டுவர 33,921 செல்லுபடியாகும் கையெழுத்து தேவைப்பட்டது. வாங்கியவர் ஒவ்வொரு தாளுக்கும் நோட்டரி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். ஒரே பேனா, ஒரே கை, நாற்பது பெயர் என்ற நம் வார்டு மனு வித்தை அங்கே எடுபடாது. டிரம்புக்கு அறுபது சதவீதத்துக்கு மேல் அள்ளிக்கொடுத்த அதே நவம்பரில், கஞ்சாவுக்கும் 54 சதவீதம் பேர் 'சரி' என்றார்கள்.

கவர்னர் கிறிஸ்டி நோமுக்குப் பிடிக்கவில்லை. அவர் ஆதரவோடு நெடுஞ்சாலைக் காவல் தலைவரும் ஒரு ஷெரிப்பும் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்தத் திருத்தத்துக்குள் இருந்தது மூன்று: பொழுதுபோக்குக் கஞ்சா ஒன்று, மருந்துக் கஞ்சா இன்னொன்று, ஹெம்ப் என்ற நார்ப்பயிர் வேறொன்று. ஒரு திருத்தத்தில் ஒரு விஷயம்தான் இருக்கலாம் என்று சொல்லி, 2021 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

ஒரே செடிதானய்யா! மெஸ்ஸில் 'ஒரு சாப்பாடு' என்று டோக்கன் வாங்கி உட்கார்கிறோம். சாம்பார் சாதம் முடிந்து, ரசத்துக்குச் சோற்றில் குழி பறிக்கிறோம். அப்போது ஒருவர் வந்து, 'சாம்பார் ஒரு விஷயம், ரசம் ஒரு விஷயம், மோர் ஒரு விஷயம், டோக்கன் செல்லாது, எழுந்திரும்' என்றால்? அப்பளத்தை எந்த விஷயத்தில் சேர்ப்பார்கள்? என் கட்சி, அப்பளம் விஷயமே அல்ல, இணைப்பு. குழம்பைக் கிண்ணம் கிண்ணமாக அடுக்கித் தரும் இந்தக் காலத்து மெஸ்காரர்களோடு எனக்குள்ள பழைய சண்டை உமக்குத் தெரியும். குழம்பு இலையில்தான் விழ வேண்டும். கிண்ணத்தில் பிரித்துவைத்தால் நாளைக்கு எந்த நீதிபதியும் அதையே சாட்சியாக எடுத்துக்கொள்வார்.

ஆனால் நீதிபதிகளை முழுக்கத் திட்டவும் முடியவில்லை. 'ஒரு திருத்தம், ஒரு விஷயம்' என்ற விதியை 2018-இல் வாக்குப் போட்டு உள்ளே கொண்டுவந்தவர்களும் அதே ஜனங்கள்தான்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. மருந்துக் கஞ்சா 2020-இலேயே தனி வாக்கில் 70 சதவீதத்தோடு ஜெயித்து நின்றுவிட்டது. பொழுதுபோக்கை மட்டும் தனியாக நறுக்கி 2022-இல் கொண்டுவந்தார்கள், தோற்றது. 2024-இல் மறுபடியும், அதுவும் தோற்றது. இலை நிறையக் கேட்டபோது 'சரி' என்றவர்கள், வெறும் ரசச் சோற்றுக்கு 'வேண்டாம்' என்று எழுந்துவிட்டார்கள்.

நம்மூரில் வருமா என்பது இரண்டாவது விஷயம். தனிக் கார்டில் எழுதும்.