தொடக்ககாலச் சீக்கியம் இந்து, இஸ்லாம் மதங்களின் கலவைதானா?

பத்தாம் வகுப்புத் தேர்வில் நானும் அப்படித்தான் எழுதினேன். இரண்டு மதங்களிலும் உள்ள நல்ல கருத்துகளை எடுத்துக் குருநானக் புதிதாக ஒன்றை உண்டாக்கினார் என்று. ஐந்து மதிப்பெண் கேள்வி, நாலரை கிடைத்தது. நீங்களும் ஏதோ கைடில் அந்த வரியைப் பார்த்துவிட்டு, ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றித்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் லூதியானாவில் ஒரு சர்தார்ஜியிடமே அந்த வரியைச் சொல்லிவிட்டு விழித்தவன் நான். அதனால்தான் இந்தப் பதில்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் சீக்கியன் அல்லன், ஆய்வாளனும் அல்லன், ஓய்வுபெற்ற வங்கிக்காரன். ‘உனக்கென்ன தெரியும்’ என்று கேட்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

லூதியானாவுக்கு நானாகக் கேட்டுப் போகவில்லை. மேலாளர் நீட்டிய ஒரு கடன் கோப்பில் கையெழுத்துப் போட மறுத்தேன், அதற்குக் கிடைத்த பரிசு அந்த மாறுதல். அதே பட்டியலில் இருந்த இன்னொருவர் மருத்துவச் சான்றிதழ் நீட்டி மதுரையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார். அவருக்கு ஒரு நோயும் கிடையாது. இன்றைக்கும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறார். சரி, அது வேறு கதை.

வீட்டுக்காரர் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் நான் அந்தக் கலவைக் கதையைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. “எதை எதோடு கலந்தார், நீயே சொல்” என்றார். ஒரே கடவுள், சிலை வணக்கம் இல்லை, இது இஸ்லாம். கர்மவினை, மறுபிறவி, இது இந்து என்று வரிசைப்படுத்தினேன். “நல்லது. இதில் நபி யார், அவதாரம் யார்?” என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

அவர் கேள்வியின் கனம் பிறகு படித்தபோதுதான் புரிந்தது. சீக்கியரின் மூல மந்திரத்திலேயே கடவுளுக்கு ‘அஜூனி’ என்று ஒரு பெயர் வருகிறது. கருவில் வந்து பிறக்காதவர் என்று பொருள். அந்த ஒரு சொல்லோடு அவதாரங்களுக்குக் கதவு சாத்தப்படுகிறது. இறுதித் தூதர் என்ற நம்பிக்கையும் அங்கே கிடையாது. பூணூலைப் பற்றி நானக் பாடியது ‘ஆசா தீ வார்’ என்ற பகுதியில் இருக்கிறது. கருணையே பஞ்சு, மனநிறைவே நூல், அடக்கமே முடிச்சு, சத்தியமே முறுக்கு. அப்படி ஒரு பூணூல் இருந்தால் போட்டுவிடு பண்டிதரே என்கிறார். இன்னோரிடத்தில் ஐந்து வேளைத் தொழுகைக்கும் பெயர் சூட்டுகிறார். முதலாவது உண்மை, இரண்டாவது நேர்மையான சம்பாத்தியம், மூன்றாவது ஈகை, நான்காவது நல்லெண்ணம், ஐந்தாவது இறைவனின் புகழ். இரண்டு வீட்டாரிடமும் ஒரே கணக்கைக் கேட்கிறார். இரண்டு வீட்டுக் குழம்பையும் ஒரே சட்டியில் ஊற்றியதாக எனக்குத் தோன்றவில்லை.

உறவு தேடினால் கபீர், நாமதேவர், ரவிதாஸ் ஆகிய பக்திக் கவிஞர்கள் பக்கம்தான் போக வேண்டும். ஐந்தாம் குரு அர்ஜன் 1604-இல் தொகுத்த சீக்கிய மறைநூலான ஆதி கிரந்தத்தில் இந்த நெசவாளி, தையல்காரர், தோல் தொழிலாளி ஆகியோரின் பாடல்களும் சூஃபி என்ற இஸ்லாமிய ஞானமார்க்கத்தவரான ஷேக் ஃபரீதின் பாடல்களும் குருமார்களின் பாடல்களோடு சேர்ந்தே இருக்கின்றன. தன் கூட்டத்தில் சேராதவர்களின் வாக்கையும் மறைநூலுக்குள் வைத்து அதற்கும் தலை வணங்கும் மதம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஆனால் பாடியதோடு நானக் நிற்கவில்லை. ராவி ஆற்றங்கரையில் கர்த்தார்பூர் என்று ஒரு குடியிருப்பை உண்டாக்கிக் குடும்பத்தோடு தங்கினார், வயலில் உழைத்தார், தினமும் கூடிப் பாடும் கூட்டத்தை வளர்த்தார். 1539-இல் இறப்பதற்கு முன் தம் மகன்கள் இருவரையும் விட்டுவிட்டு, லெஹணா என்ற சீடருக்கு அங்கத் என்று பெயரிட்டுக் குருவாக்கினார். மூத்த மகன் ஸ்ரீசந்த் துறவி. நம் ஊர்க் கணக்குப்படி மடம் துறவிக்குத்தான் போயிருக்கும். அங்கே பெண்டாட்டி பிள்ளையோடு இருந்த சீடருக்குப் போயிற்று. (நான்காம் குருவுக்குப் பிறகு குரு பதவி ஒரே குடும்பத்துக்குள் சுற்றியதே என்று கீழே எழுத வருபவர்களுக்கு: ஆம், சுற்றியது.)

லங்கர் என்னும் பொதுப்பந்திக்கு வருகிறேன். பொதுப்பந்தி சூஃபி மடங்களிலும் இருந்தது, சொல்லும் அங்கே வழங்கியதுதான். கடன் வாங்கவே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் பஞ்சாபின் கோயிந்தவால் என்ற ஊரில் மூன்றாம் குரு அமர்தாஸ் ஒரு நிபந்தனை வைத்தார்: முதலில் பந்தியில் உட்கார், பிறகு என்னைப் பார். அந்த நிபந்தனையில்தான் விஷயம் இருக்கிறது. பசித்தவனுக்குச் சோறு போட எல்லா மதத்திலும் ஆள் உண்டு. பக்கத்தில் உட்காருபவன் யாரென்று பார்க்காமல் சாப்பிட்டால்தான் உள்ளே வரலாம் என்பது வேறு. உடனே வள்ளலாரைக் கொண்டுவராதீர்கள். வடலூர் தருமச்சாலை 1867-இல் தொடங்கியது, எனக்கும் அதில் பெருமைதான். இது போட்டி அல்ல.

லூதியானாவுக்கு என் அம்மா ஒருமுறை வந்திருந்தார். பிறத்தியார் சமைத்ததைத் தொடாதவர். எந்தச் சாதி என்று கேட்காதீர்கள்; இந்தக் கதை பல சாதி வீடுகளில் நடக்கும். வீட்டுக்காரரின் மனைவியைத் தெருவே பீபீஜி என்றுதான் கூப்பிடும். அவர் எங்களைக் குருத்வாராவுக்கு அழைத்துப் போனார். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அம்மா தரை விரிப்பில் உட்கார்ந்தார். பரிமாறுபவர் வந்ததும் எல்லோரும் இரண்டு கையையும் ஏந்தி ரொட்டி வாங்கினார்கள், அம்மாவும் வாங்கினார். வாங்கிவிட்டு என்னிடம், “டேய், யார் சமைச்சதுன்னு கேளு” என்றார். நான் கேட்கவில்லை. தாலும் கீரும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. அம்மா ரொட்டியை முந்தானையில் முடிந்து, வெளியே வந்ததும் தெருமுனையில் நின்ற மாட்டுக்குக் கொடுத்தார். திரும்பினால் பீபீஜி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஒரு தாம்பாளத்தில் கோதுமை மாவும் பருப்பும் நெய்யும் வைத்துக் கொண்டுவந்தார். “புத்தர், மாதாஜி தன் கையாலேயே சமைத்துச் சாப்பிடட்டும்” என்றார். (பஞ்சாபியில் ‘புத்தர்’ என்றால் மகனே.) அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், எவ்வளவு நல்ல மனுஷி என்று ஊர் திரும்பும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பருப்பு தொண்டையில் இறங்கவில்லை.

பஞ்சாபில் சாதியே இல்லை என்று நான் சொல்லவில்லை. கிராமங்களில் தலித்துகளுக்கென்று தனிக் குருத்வாரா, தனிச் சுடுகாடு எல்லாம் உண்டு. அதை என்னிடம் சொன்னவரே அந்தச் சுபேதார்தான், தலையைக் குனிந்துகொண்டு.

தேர்வுக்காகக் கேட்டிருந்தால் ‘கலவை’ என்றே எழுதிவிடுங்கள். நாலரை நிச்சயம்.