பாய் மாற்றுமுன்: துணி, ஃபர்லர், ரீஃப் பற்றிய கேள்விகள்

கேள்வி: எங்களுடையது 36 அடி பாய்மரப் படகு. நானும் கணவரும் மட்டும்தான் ஓட்டுகிறோம். பெரும்பாலும் நீண்ட பயணம், எப்போதாவது கிளப் பந்தயம். டேக்ரான் (நெய்த பாலியஸ்டர் துணி) மெயின்செயில், அதாவது பாய்மரத்துக்குப் பின்னால் ஏறும் முக்கியப் பாய், தொளதொளத்துவிட்டது. பாய் தைப்பவர் லேமினேட் வாங்கச் சொல்கிறார், விலை நிறையக் கூடுகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு நல்ல டேக்ரானே போதும்.

ஆனால் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். மிதமான காற்றில், காற்றை எதிர்த்து ஓட்டும்போது பூமுக்கு (பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைத்தண்டு) கீழே நின்று மேலே பாருங்கள். நல்ல மெயின்செயிலில் வளைவு மிக ஆழமாக இருக்கும் இடம் முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய 45 முதல் 50 சதவீத தூரத்தில் இருக்கும். நைந்த பாயில் அது பின்னுக்கு நகர்ந்திருக்கும். அப்போது படகு அதிகம் சாயும், சுக்கான் கனக்கும், வேகமும் கிடைக்காது. கிழியவில்லையே என்று பலர் பழைய பாயையே வைத்து ஓட்டுகிறார்கள். டேக்ரான் கிழிவதற்கு வெகு முன்பே வடிவத்தை இழந்துவிடும்.

லேமினேட் என்பது பாலியஸ்டர் படலங்களுக்கு நடுவே நூல்களை வைத்து ஒட்டிய துணி. அது இழுபடுவது மிகக் குறைவு, பந்தயத்தில் அதுதான் வேண்டும். ஆனால் நாளடைவில் அடுக்குகள் பிரியும், இடையில் பூஞ்சை பிடிக்கும். அராமிட் (கெவ்லார் போன்ற வலுவான செயற்கை இழை) நூலாக இருந்தால் வெயிலிலும், திரும்பத் திரும்ப மடிப்பதிலும் பலவீனமாகும். பந்தயக்காரர்கள் அந்தக் குறைந்த ஆயுளைத் தெரிந்தேதான் வாங்குகிறார்கள்.

மிச்சமாகும் பணத்தில் முழு நீள பேட்டன்கள் (பாயை விறைப்பாக வைக்கும் பட்டைகள்), பாய் ஏறி இறங்க பந்து உருளைகள் உள்ள கார்கள் (பாய்மரத்தில் ஓடும் நகர்விகள்), ஆழமான மூன்றாவது ரீஃப் (பலத்த காற்றில் பாயின் பரப்பைக் குறைக்கும் ஏற்பாடு) ஆகியவற்றைக் கேளுங்கள். தையல் மூன்று வரிசையாக, வெயில் தாங்கும் நூலில் இருக்கட்டும். பாய் ஸ்ப்ரெடரில் (பாய்மரத்தின் பக்கவாட்டில் நீண்டு கம்பிகளைத் தள்ளி வைக்கும் கை) உரசும் இடங்களில் ஒட்டுத்துணி வேண்டும். தைப்பவர் படகுக்கே வந்து அளவெடுக்கவும் வேண்டும். பாய்மரம் எவ்வளவு வளைகிறது என்பது அட்டவணை அளவுகளில் இருக்காது.

கேள்வி: பாய்மரத்துக்குள்ளேயே சுருளும் மெயின்செயில் வசதியாக இருக்கிறது என்கிறார்கள். வயதாகி வரும் எங்களுக்கு அது நல்லதா?

பதில்: முதுகோ முழங்காலோ பாய்மரத்தடிக்குப் போகவிடாது என்றால் நல்லதுதான். மற்றபடி நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த அமைப்பில் பாய் பாய்மரத்துக்குள் நிற்கும் ஒரு தண்டில் சுருள்கிறது. கிடையான பேட்டன்கள் அதில் சுருளாது. அதனால் பின்விளிம்பை உட்குழிவாக வெட்டுவார்கள், பரப்பும் போகும், வடிவமும் போகும். செங்குத்தான பேட்டன்கள் கொஞ்சம் ஈடுகட்டும். நைந்த பாயில்தான் உண்மையான தொல்லை: தளர்ந்த துணி மடிந்து பிளவில் சிக்கிக்கொள்ளும். காற்று ஏறி, பாயைக் குறைக்க வேண்டிய நேரத்தில், பாதி உள்ளே பாதி வெளியே நின்றுவிட்டால் கீழே இறக்கவும் முடியாது.

பூமுக்குள் சுருளும் வகை இதைவிட மேல். கிடையான பேட்டன்கள் வைக்கலாம், சிக்கினால் பாயை இறக்கிவிடலாம். ஆனால் பூமின் கோணம் சிறிது தவறினாலும் துணி ஒரு பக்கமாக நகர்ந்து இறுகும். ஒவ்வொரு முறையும் அதைக் கவனித்தாக வேண்டும்.

36 அடிப் படகுக்கு என் தேர்வு சாதாரண ஸ்லாப் ரீஃபிங், அதாவது பாயைச் சிறிது இறக்கி அடிப்பகுதியைப் பூமோடு இழுத்துக் கட்டுவது: லேஸி ஜாக் (இறங்கும் பாயைப் பூமின் மேல் தாங்கும் கயிறுகள்), பூமின் மேலே பை, ஒவ்வொரு ரீஃபுக்கும் முன்னுக்கொன்றும் பின்னுக்கொன்றுமாக இரண்டு கயிறுகள் காக்பிட் (படகை ஓட்டுபவர் உட்காரும் இடம்) வரை. எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் முடிக்கும் வகையில் கப்பிகளின் உராய்வு கூடி, கடைசி அரை மீட்டர் இழுப்பதற்குள் களைத்துப்போவீர்கள். வாங்குமுன், அதே அளவுப் படகில் ரீஃப் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், பிறகு உங்கள் கணவர் ஒருமுறை தனியாகச் செய்யட்டும்.

கேள்வி: ஃபர்லரில் (முன்பாயைச் சுருட்டும் கருவி) 150 சதவீத ஜெனோவா, அதாவது பாய்மரத்துக்கும் முன்கம்பிக்கும் இடையிலான தூரத்தைப் போல் ஒன்றரை மடங்கு அகலமான முன்பாய், இருந்தால் எல்லாக் காற்றுக்கும் போதுமா?

பதில்: போதாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருட்டினால் நடுப்பகுதி பை போலத் தொங்கும். முன்விளிம்பில் நுரைப்பட்டை வைத்துத் தைத்தால் கொஞ்சம் குறையும். இருவர் மட்டும் ஓட்டும் படகுக்கு 115 முதல் 130 சதவீதம் வாங்குங்கள், திருப்பும்போது வின்ச்சில் (கயிற்றை இழுக்கும் சுழல் உருளை) வேலையும் குறையும். பெரிய ஜெனோவாவுக்குப் பந்தய மதிப்பீட்டில் தண்டனை உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள். பின்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் வெயில் காக்கும் பட்டை கட்டாயம். சுருட்டியபின் எந்தப் பக்கம் வெளியே தெரியும் என்று படகிலேயே பார்த்துச் சொல்லுங்கள், பட்டை தவறான பக்கத்தில் போனால் பயனில்லை.