மாநிலச் சிறைத் தளத்தில் தம்பி பெயர் இல்லையா?

நேற்று இரவு அமெரிக்காவில் கைதான உங்க தம்பியை மாநிலச் சிறைத்துறைத் தளத்தில் தேடாதீங்க. அங்கே பெரும்பாலும் தண்டனை பெற்றவங்கதான் இருப்பாங்க. கைது நடந்த கவுன்ட்டியோட (நம்ம மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் (அங்கே காவல் தலைவர்) தளத்தில் கைதிகள் பட்டியலைப் பாருங்க.

அங்கேயும் காணோம்னா, பெயர் சிக்கலா இருக்கலாம். நம்ம ஆட்களுக்கு அப்பா பெயர் கடைசிப் பெயராகிடும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்னா, விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு' (FNU, 'முதல் பெயர் தெரியலை') னு விழும். கடைசிப் பெயர் கட்டத்தில் முதல் மூணு எழுத்து மட்டும் போட்டுத் தேடுங்க. பிறகு ரெண்டு பெயரையும் இடம் மாத்திப் பாருங்க.

கைரேகை, போட்டோ எல்லாம் எடுத்துப் பதிவு முடியவே பல மணி நேரம் ஆகலாம்; அதுவரை பட்டியலில் பெயர் வராம இருக்கலாம். அவசரம்னா சிறைக்கே போன் போட்டு, பிறந்த தேதி சொல்லிக் கேளுங்க.

தம்பி போன் பண்ணினா வழக்கைப் பத்தி எதுவும் பேசாதீங்க, தயவுசெய்து. சிறை அழைப்புகள் பதிவாகும். அதை வக்கீல்கிட்ட பேசட்டும்.